சிவப்புக் கண்ணாடிக்குள் கார்த்திகை

குற்றாலிங்கம் கோஃப்லர் அம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் தன் வீட்டு வாசலில் குனிந்துகொண்டிருந்தாள். இடுப்பு முறிந்து தகடு வைத்த உடம்பு, நினைத்த மாத்திரத்தில் குனிந்துவிட முடியாது. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்க, மற்றக் கை காற்றில் துழாவித் துழாவித் தரைக்கு இறங்கியது. அவன் மூன்றாம் மாடியில் படிக்கட்டுக் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தரையில் அவன் வைத்திருந்த விளக்கை எடுத்தாள். சிவப்புக் கண்ணாடிக்குள் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. அதை மார்போடு வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள், நேராக அவனை. என்னவோ சொன்னாள், நாலைந்து வார்த்தை. ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தான். சிரித்தான், இரண்டு கையையும் கூப்பினான். அவள் நெற்றியையும் மார்பையும் தோள்களையும் விரலால் தொட்டுக்கொண்டு விளக்கோடு உள்ளே போனாள். பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. காலையில் அவள் கட்டிலில் செத்துக் கிடந்தாள்.

சிரித்தோமே, அதைச் சிரித்துத் தொலைத்தோமே என்பதுதான் இந்த மூன்று நாளாக அவனை விடாமல் அரித்தது. இப்போதும் சமையலறை ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடி சில்லிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டான். நவம்பர் முடியப்போகிறது. மதியம் சாய்ந்ததுமே இந்த இன்ஸ்ப்ரூக் நகரத்தில் வெளிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறது. தெருவுக்கு மேலே மலை நிற்கிறது. ஊரில் மலை என்றால் அது அதன் இடத்தில் இருக்கும், நாம் நம் இடத்தில் இருப்போம். இங்கே மலை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. முதல் பனி விழுந்த அன்று அழகாகத்தான் இருந்தது, குழந்தை சொர்ணத்தைத் தூக்கிக் காட்டினான். பிறகு தெற்கே கணவாய் வழியாக ஒரு வெதுவெதுப்பான காற்று வந்தது. நல்ல குளிரில் வருகிற அந்தச் சூட்டை எப்படி நம்புவது? தலை வலித்தது. கூரையில் கிடந்த பனி பாளம் பாளமாகச் சரிந்து முற்றத்தில் தொம்மென்று விழுந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் யாரோ கதவை இடிப்பதுபோல அவனுக்குத் தூக்கிப் போட்டது. மனைவி உலகம்மை இன்னும் வரவில்லை. காலை முறை, மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பேரில் ஒட்டிக்கொண்டுதான் அவனும் குழந்தையும் ஏழு மாதத்துக்கு முன்பு இந்த நாட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளை யாரும் உலகம்மை என்று கூப்பிடுவதில்லை, வாயில் நுழையவில்லையாம், ஊலி என்று சுருக்கிவிட்டார்கள். ஒருமுறை டெலிபோனில் ஒரு ஆண்குரல் "ஊலி?" என்று கேட்டது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லக்கூட அவனுக்குப் பாஷை இல்லாமல் வைத்துவிட்டான். ஊலி என்பவள் யார்? சிரிக்கிறவளாம், எல்லோரிடமும் பேசுகிறவளாம். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த உலகம்மை அப்படியில்லை. ஊலிதான் இடுப்பு முறிந்து கிடந்த கோஃப்லர் அம்மாவுக்குப் பணிவிடை செய்து, அவளுக்குப் பிடித்துப்போய், அவளுடைய வீட்டில் இந்த இரண்டு அறையை வாங்கிக் கொடுத்தவள். மற்ற வீட்டுக்காரர்கள் அவனைக் கண்டதுமே அறை போய்விட்டது என்றார்கள். இப்போது வீட்டுக்காரி இல்லை. வீடு மகனுக்கு. மகன் போ என்றால் உலகம்மை பழையபடி நர்ஸ் விடுதிக்குப் போகவேண்டும். விடுதியில் புருஷனுக்கும் பிள்ளைக்கும் இடம் கிடையாது. அவனும் சொர்ணமும் விமானம் ஏறவேண்டியதுதான். அம்மாவைக் கொன்றவனை மகன் ஏன் வைத்துக்கொள்ளப்போகிறான்? கொன்றவன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? ஒரு விளக்கு வைத்தால் ஆள் சாகுமா? சாகமாட்டாள் என்று யார் சொல்வது?

கார்த்திகைக்குத்தான் வைத்தான். பஞ்சாங்கம் உலகம்மையின் பெட்டியில் இருந்தது, நாளைப் பார்த்தது அவன். அவளிடம் சொல்லவில்லை, வேலை முடிந்து வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று விட்டான். ஆஸ்திரிய அரிசியை ஊறவைத்து, சொர்ணம் தூங்குகிற நேரத்தில் மிக்ஸியில் அடித்து, பனையோலைக்கு எங்கே போவது, கொழுக்கட்டையை ஈரத்துண்டில் வைத்து அவித்தான். அகல் விளக்குக்குத்தான் வழியில்லை. கடையில் முன்வாசல் பக்கமே குவித்து வைத்திருந்தார்கள், சிவப்புக் கண்ணாடிக் குவளை, உள்ளே மெழுகு, மேலே ஓட்டை போட்ட தங்க நிற மூடி. காற்றில் அணையாது. யாரோ கார்த்திகைக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. மூடியில் ஒரு சிலுவை அழுத்தியிருந்தது, பார்த்தான், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரில் ரொட்டியில் சிலுவை, மருந்துக்கடையில் சிலுவை, எட்டு நாள் நடந்தாலும் ஏறமுடியாத மலையுச்சியில்கூட ஒரு சிலுவை. விளக்கு மூடியில் இருப்பதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? கடைக்காரி அவன் கூடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னாள், முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டாள். அது துக்கம் விசாரிப்பது என்று இப்போது தெரிகிறது. அப்போது அவளிடமும் சிரித்தான். வாசலுக்கு ஒரு விளக்கு என்று வைத்தான். தன் வாசலில் மட்டும் வைத்துவிட்டுப் பக்கத்து வாசலை இருட்டாக விடுகிற வழக்கம் அவர்கள் தெருவில் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டு நடையில்கூட ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருஷம் விளக்குக் கிடையாது. அந்த ஒரு வீடு இருண்டு கிடக்கும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அங்கே செத்தால் விளக்கில்லை. இங்கே செத்தால்தான் விளக்கு. எவன் நினைத்தான் இதை? உலகம்மை அன்று படியேறி வந்தாள். காலடி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. சந்தோஷத்தில் நின்று பார்க்கிறாள் என்று கதவுக்கு உள்ளே மாவுக் கையோடு அவனும் நின்றான். உள்ளே வந்து அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். கொழுக்கட்டை மூன்று தின்றாள். பிறகு குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள், வர நேரமாயிற்று. காலையில் பார்த்தால் வாசல்களில் ஒரு விளக்கும் இல்லை, அவர்களுடையது மட்டும் இருந்தது. குடித்தனக்காரர்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தான். ஆனால் குப்பை வாளி? அன்று சாயங்காலம்தான் அவனே கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். கவிழ்த்து வைத்த வாளியிலிருந்து எந்தக் குப்பையைக் கொட்டப் போனாள்?

இது நேற்று வரைக்கும் தோன்றவில்லை. நேற்று, குழந்தை ஓயாமல் அழுகிறதே என்று தள்ளுவண்டியில் வைத்து ஆற்றோரமாகப் போய்விட்டுத் திரும்புகையில் மாதா கோயிலை ஒட்டிய மதிலில் இரும்புக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான். பனி, பனிக்குள்ளே கல்லறைக் கல், கல்லுக்கு ஒன்றாகச் சிவப்புக் கண்ணாடி, தங்க மூடி. நூறு இருக்கும், இருநூறு இருக்கும், அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. சொர்ணம் கையை நீட்டி, "அப்பா, நம்ம விளக்கு" என்றாள். அவன் சட்டென்று வண்டியைத் திருப்பினான். சக்கரம் பனியில் சிக்கிக்கொண்டது, இழுத்தான், வரவில்லை, அங்கேயே அந்த வெளிச்சத்திலேயே நிறுத்திப் பிடித்தது போலிருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் வந்து முன்பக்கம் தூக்கிவிட்டுப் போனார். அவர் ஏன் ஒன்றும் பேசவில்லை? தெரிந்திருக்கும். எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் மாடிக்காரன் படியில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவான், இப்போது தொடுவதில்லை. முதல் மாடிக்காரி தன் வாசலை முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், அந்த வாரம் படி துடைப்பது அவளுடைய முறைகூட இல்லை. அவன் ஒவ்வொரு வாசலிலும் போய் நீ செத்தாய், நீ செத்தாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஒருத்தி கேட்டுக்கொண்டு செத்துப்போனாள். மேலே பார்த்து அவள் சொன்ன அந்த நாலு வார்த்தை என்னவாக இருக்கும்? எனக்கா என்று கேட்டாளா? இத்தனை சீக்கிரமா என்று கேட்டாளா? கேட்டவளுக்கு அவன் கை கூப்பிச் சிரித்து ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். உலகம்மைக்கு இதெல்லாம் தெரியாதா? ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு சாவு பார்க்கிறவளுக்கு, மூன்று குளிர்காலத்தை இங்கே தனியாகக் கழித்தவளுக்கு? தெரிந்துகொண்டேதான் நல்லா இருக்கு என்றாளா? எதற்கு? அவன் அவமானப்பட்டுப் பெட்டியைக் கட்டட்டும் என்றா? ஊலிக்கு ஒருவேளை அது சௌகரியமாக இருக்குமோ? சே, என்று தலையைக் கண்ணாடியில் முட்டினான். முட்டியது மெதுவாகத்தான். எண்ணம் போகவில்லை. எச்சிலில் ஒட்டிய முடி மாதிரி நாக்கில் கிடந்தது.

கதவு தட்டியது. இது பனி இல்லை, விரல். இரண்டு தரம், கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். கட்டைக் குரலில் ஒரு ஆண், மிஸ்டர் லிங்கம் என்று அவர்கள் பாஷையில். "ஹெர் லிங்கம்?" மகன்தான். செப் என்று பேர், ரயில்வேயில் வேலை, சவப்பெட்டியை வெளியே தூக்கும்போது ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான், கதவளவு ஆள். குற்றாலிங்கம் விளக்கைப் போடாமல் நின்றிருந்தது நல்லதாகப் போயிற்று. சொர்ணம் தரையில் உட்கார்ந்து கரண்டியால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஓமா!" என்றாள். பாட்டி என்று அர்த்தம், கோஃப்லர் அம்மாவை அப்படித்தான் கூப்பிடப் பழகியிருந்தாள். கதவு என்றால் அவளுக்கு ஓமாதான். அவன் பாய்ந்து ஒரு பிஸ்கட்டை அவள் வாயில் திணித்தான். அடுத்ததையும் உடைத்துக் கையில் வைத்துக்கொண்டான். இந்தப் பிள்ளையையும் நம்ப முடியாது. அவனுக்குத் தெரியாத பாஷை இவளுக்கு வர ஆரம்பித்துவிட்டது. யார் விளக்கு வைத்தது என்று செப் கேட்டால் அப்பா என்று அந்தப் பாஷையிலேயே சொல்லிவிடுவாள். மரக்கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. புகையிலை வாடை வந்தது, வந்ததா, அவனாக நினைத்துக்கொண்டானா? பூட்ஸ் திரும்பியது. ஒரு மாடி இறங்கியது. அப்போது கீழே தெருக்கதவு திறந்தது, பூட்ஸ் நின்றது. உலகம்மையின் குரல். ஐயோ, இவள் இப்போதுதானா வரவேண்டும்? அவன் கதவில் காதை வைத்தான். செப் என்னவோ சுருக்கமாகச் சொன்னான். உலகம்மை பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள், தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல். நடுவில் அவன் ஒரு வார்த்தை, அப்புறம் அவள். ஒரு சத்தம் வந்தது, தொண்டையிலிருந்து வருகிற சத்தம், ஆணுடையது. அது சிரிப்பா, அழுகையா, கோபத்தில் கனைக்கிறதா என்று மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எப்படிச் சொல்ல? சொர்ணம் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு இன்னொன்றுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே அவன் கொடுக்க மறந்து நின்றான்.

"ஏன் இருட்டுக்குள்ள நிக்கிய? லைட்டப் போடக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே உலகம்மை உள்ளே வந்தாள். தலைமுக்காட்டில் பனித் தண்ணீர். ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"காலி பண்ணச் சொல்லுதானா?"

"யாரு?"

"யாருன்னா? நீ இம்புட்டு நேரம் யாருகிட்ட பேசின?"

"எப்பவும் எவனோ வந்து கழுத்தப் பிடிச்சுத் தள்ளப் போறான்னே நெனச்சுக்கிட்டுத் திரிங்க. பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா? ஏ சொர்ணம், வாயெல்லாம் என்னட்டி இது?"

"ஒனக்குத் தெரியும்" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "அது என்ன விளக்குன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும்."

ஒரு பூட்ஸ் கையிலும் ஒன்று காலிலுமாக அவள் நிறுத்தினாள். "தெரியும்."

"பெறகு ஏன் வாயத் தொறக்கல?"

"வந்து ஏழு மாசத்துல அன்னைக்குத்தான் மூஞ்சி தெளிஞ்சு நின்னிய. மாவும் கையுமா. அதப் போய்க் கெடுக்கச் சொல்லுதியளா?"

"குப்ப கொட்டப் போனது?"

"விளக்க எடுக்கத்தான். ஒண்ணொண்ணா ஊதிப் பைக்குள்ள போட்டு, பாலத்துக்கிட்ட இருக்க தொட்டியில கொண்டு போட்டேன். திருடிக்கிட்டு ஓடுதவ மாதிரி. அந்தம்மா வாசல்ல மட்டும் இல்ல. முந்திட்டா."

"நான் பாத்தேன் உலகு. அவ எடுத்தா. மேல பாத்து என்னமோ கேட்டா. நான் சிரிச்சேன். கும்பிட்டேன்."

"கும்பிட்டியளா!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. "கல்லற வெளக்கையும் வச்சு, கும்பிடும் போட்டு, நல்ல ஆளு போங்க." அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி. பிறகு மற்ற பூட்ஸையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"செப்பு அதத்தான் சொல்ல வந்தான். அவளுக்கு ரெண்டு மகன். இளையவன் டோனின்னு. பத்தொம்பது வயசுல பனிப்பாறைக்கு ஏறப் போனவன் வெடிப்புக்குள்ள விழுந்துட்டான். உடம்பு கெடைக்கல. கெடைக்காதவனுக்கு என்ன கல்லறன்னு அவ வைக்கவே விடலயாம். நவம்பர் பொறந்தா ஊரே விளக்கத் தூக்கிக்கிட்டுப் போவும், இவ கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாளாம். அன்னைக்குச் செப்புக்கு டெலிபோன் போட்டிருக்கா. டோனிக்கு விளக்கு வந்திருக்குடா, வாசலுக்கே வந்திருக்குன்னு. அழுதாளாம். இன்னைக்கு நான் நல்லாத் தூங்குவேன்னு சொல்லிட்டு வச்சாளாம். ஒங்க வீட்டுக்காரருதான வச்சதுன்னு கேட்டான். ஆமான்னேன். நன்றி சொல்லணும்னு மேல வந்தானாம், கதவு தொறக்கலன்னான்."

"வீடு?"

"இருங்கன்னான். போதுமா? இனிமேலாவது லைட்டப் போடுங்க."

அவன் லைட்டைப் போட்டான். போட்ட வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிவிட்டது, உண்மை. பாலை அடுப்பில் வைத்தான், பொங்கிவிடக் கூடாது என்று கண்ணை அதிலேயே வைத்தான். ஆனால் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே இன்னொரு சந்தேகம் மெல்ல, கீழேயிருந்து படியேறி வருகிற மாதிரி வந்தது. படிக்கட்டில் பேசியது யார்? செப்பா? செப் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. டோனி, பனிப்பாறை, வெடிப்பு, டெலிபோன், அழுகை, இத்தனையும் அந்த இரண்டு மூன்று வார்த்தைக்குள் அடங்குமா? நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது உலகம்மை அல்லவா? அந்தத் தாழ்ந்த குரலை அவனுக்குத் தெரியும். அவனுக்கு விசா முத்திரை வாங்கப் போன ஆபீசில் ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசிய குரல், கெஞ்சுகிற குரல். பாவம், பாஷை தெரியாத மனுஷன், தப்பு நடந்துவிட்டது, எங்களைப் போகச் சொல்லாதீர்கள் என்று செப்பிடம் கெஞ்சி வீட்டை வாங்கிக்கொண்டு, மேலே வந்து இவனுக்கு இந்தக் கதையைச் சொன்னாளோ? ஆஸ்பத்திரியில் செத்தவரின் சொந்தக்காரர்கள் ஓடி வரும்போது என்ன சொல்வாய் என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டிருந்தான். "வலியே இல்ல, நல்லாத் தூங்கினபடிக்கே போயிட்டாருன்னு சொல்லுவேன்" என்றாள். எல்லோரிடமுமா? "எல்லார்ட்டயும்தான். கேக்கவங்க நிம்மதியாப் போவணும்லா." நல்லாத் தூங்குவேன் என்றாளாம் கோஃப்லர் அம்மாவும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "எங்க பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று பின்னாலிருந்து உலகம்மை கத்தினாள். கேட்டுவிடலாம் என்று திரும்பினான். அவள் சொர்ணத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. உண்மை என்றால் நம்பாதவன் ஆகிவிடுவான். பொய் என்றால் அவ்வளவு பெரிய பொய்யைத் தனக்காகச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தவளிடம் அதைத் திருப்பிக் கேட்பதா?

பிறகு கேட்க எத்தனையோ வருஷம் இருந்தது. பாஷை வந்தது, டிராம் பணிமனையில் வேலை வந்தது, செப்பைப் படியில் நூறு தரம் பார்த்தாயிற்று. தொப்பியைத் தொடுவான், பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான், தம்பி என்ற பேச்சை அவனும் எடுத்ததில்லை, குற்றாலிங்கமும் எடுத்ததில்லை. உலகம்மை தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் கேள்வி நுனிநாக்கு வரைக்கும் வந்தது. தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வலிக்கா என்று கேட்டார். "வலியே இல்ல" என்றாள். அந்தப் பதிலையும் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு செப்பும் போய்விட்டான், வீடு அவன் மகள் பேருக்கு மாறிவிட்டது. சொர்ணம் வியன்னாவில் இருக்கிறாள். அவளுக்கு ஓமாவும் ஞாபகமில்லை, பிஸ்கட்டும் ஞாபகமில்லை. குற்றாலிங்கம் மூன்றாம் மாடியில் அதே இரண்டு அறையில் இருக்கிறார். காலி செய்யச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.